தண்ணீர் இருக்கிறது என்பதோடு நின்றுவிட்டேன்

11 வருடமாக, விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் ஓ.சி.டி. மெஷினுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அடுத்தவர் கண்ணைப் படம் எடுத்தவள் நான். எனக்கே வந்தபோது, ஸ்கேன் கையில் இருந்தும் 8 நாள் வீணாக்கினேன். வந்தது வி.கே.எச். உடம்பின் எதிர்ப்புச் சக்தி, நிறமி தரும் மெலனோசைட் செல்களைத் தானே தாக்கும் நோய். வோக்ட் 1906லும் ஹராடா 1926லும் கோயனாகி 1929லும் தனித்தனியாக எழுதிவைத்ததைச் சேர்த்து, மூவர் பெயரில் அழைக்கிறார்கள். நான் பார்வை அளந்து கண்ணைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், டாக்டர் இல்லை. மருந்து முடிவெல்லாம் டாக்டருடையது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் இருப்பவர்களுக்கும், ஸ்கேன் அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும்தான் இது.

ஆரம்பம் கண்ணில் இல்லை. ஒரு திங்கட்கிழமை தலைவலி. மறுநாள் சீப்பு தலையில் பட்டாலே தோல் எரிந்தது, முடியைத் தொட்டால் வலித்தது. கழுத்து கொஞ்சம் இறுக்கம். நான்காம் நாள் இரண்டு காதிலும் ‘கொய்ங்’ என்று ஒரே சத்தம். காது டாக்டரிடம் போய், காது கேட்கும் சோதனை, மாத்திரை எல்லாம் சேர்த்து 1,940 ரூபாய். தலைவலிக்குப் பொது டாக்டர், அவர் எழுதிய எம்.ஆர்.ஐ. 6,500. எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. காது டாக்டரிடம் காதைப் பற்றி மட்டும் சொன்னேன், தலைவலி டாக்டரிடம் தலைவலியை மட்டும். மெலனோசைட் கண்ணில் மட்டும் இருப்பதில்லை. உள்காதில் இருக்கிறது, மூளையைச் சுற்றிய உறையில் இருக்கிறது, தோலிலும் முடியிலும் இருக்கிறது. தலைவலி, காதிரைச்சல், தலைத்தோல் எரிச்சல், பிறகு பார்வை மங்கல் என்று வரிசையாக வந்தால் நான்கும் ஒரே நோயாக இருக்கலாம். எந்த டாக்டரிடம் போனாலும் கடந்த இரண்டு வாரத்தில் உடம்பில் வந்த எல்லாவற்றையும் சொல்லுங்கள், சம்பந்தமில்லை என்று நீங்கள் நினைப்பதையும் சேர்த்து.

ஐந்தாம் நாள் இடது கண் மங்கியது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். கதவு நிலை நெளிந்து தெரிந்தது. வேலைக்குப் போனதும் கண்ணாடிப் பவர் சோதிக்கும் டிரையல் பெட்டியை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். +1.25 போட்டதும் இரண்டு வரிசை கூடுதலாகத் தெரிந்தது. வழக்கமாகக் கண்ணாடி போடாத எனக்கு ஒரே வாரத்தில் பிளஸ் ஏறியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? விழித்திரை முன்னால் தள்ளப்பட்டிருக்கிறது. 1 மில்லிமீட்டர் முன்னால் வந்தால் கண்ணாடிப் பவர் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயாப்டர் மாறும். ஆக, என் விழித்திரைக்கு அடியில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஏதோ தேங்கியிருந்தது. இது தெரிந்தும் 250 ரூபாய்க்கு ரெடிமேட் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு இரண்டு நாள் வேலை பார்த்தேன். திடீரென்று பிளஸ் ஏறியவர் யார் வந்தாலும் கண்ணாடி எழுதிக்கொடுத்து அனுப்பாதீர்கள். கண்ணின் நடுவிலுள்ள பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏழாம் நாள் மதியம் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் சொல்லி ஸ்கேன் எடுத்தேன். ‘அக்கா, எந்தக் கண்ணு?’ என்றாள். இடது மட்டும் போதும் என்றேன். பேஷண்ட் காத்திருந்தார்கள் என்பதால் ஐந்து கோடு, அதாவது ஐந்து இடத்தில் குறுக்குவெட்டுப் படம், மட்டும் போதும் என்றும் சொன்னேன். எங்கள் மெஷினில் அந்த ஐந்து கோடுகள் ஒவ்வொன்றும் 6 மி.மீ. நீளம், இடைவெளி 0.25 மி.மீ. மேலிருந்து கீழ்வரை மொத்தமே 1 மி.மீ. உயரம்தான் பார்க்கிறோம். அதற்கு மேலும் கீழும் கடலே இருந்தாலும் தெரியாது. 6-க்கு 6 மி.மீ. சதுரத்தில் 128 கோடு போடும் முழு ஸ்கேன் அதே மெஷினில் இருக்கிறது, சில விநாடிதான் கூடுதல். அதை எடுக்கவில்லை. வலது கண்ணையும் எடுக்கவில்லை. பிறகு எடுத்தபோது, ‘நன்றாக’ இருந்த அந்தக் கண்ணிலும் விழித்திரையின் மையமான ஃபோவியாவுக்கு வெளியே மூன்று இடத்தில் விழித்திரை தூக்கியிருந்தது. அது எப்போது தொடங்கியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

திரையில் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் ‘சி.எஸ்.ஆர்.’, அதாவது விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் தண்ணீர் கோக்கும் வேறொரு நோய், என்று முடிவு கட்டிவிட்டேன். வயது 36, தூக்கமில்லை, டென்ஷன், நடுவில் மங்கல், பிளஸ் ஏற்றம், அடியில் தண்ணீர். பாடப்புத்தகப் படம் மாதிரி பொருந்தியது. தெரிந்த டாக்டர் ஒருவருக்கு ஒரே ஒரு கோட்டின் படத்தை, ஓரங்களை வெட்டிவிட்டு, ‘எனக்கு சி.எஸ்.ஆர். சார்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘வெயிட் பண்ணலாம், ஸ்டீராய்டு எதுவும் தொடாதீங்க’ என்று பதில் வந்தது. நான் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். சி.எஸ்.ஆர். பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானே வற்றும். ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி, மூக்கு ஸ்பிரே எதுவாக இருந்தாலும் அதைக் கிளப்பிவிடலாம். வி.கே.எச்.சுக்கோ ஸ்டீராய்டுதான் மருந்து, அதுவும் சீக்கிரம், நிறைய. ஒன்றுக்கு விஷமானது மற்றதற்கு மருந்து. படம் பார்க்கிறவர் எதையும் யோசிக்கும் முன்பே நோயின் பெயரைச் சொல்லி அனுப்பியது என் தவறு. படம் அனுப்பும்போது பெயர் வைக்காமல், அறிகுறிகளை மட்டும் எழுதி, இரண்டு கண்ணின் எல்லாக் கோடுகளையும் வெட்டாமல் அனுப்புங்கள். அப்போதும் அது நேரில் காட்டுவதற்கு ஈடாகாது. கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப்பில் உட்கார்ந்திருந்தால் முன்கண் நீரிலும், கண்ணுக்குள் இருக்கும் கூழான விட்ரியஸிலும் மிதக்கும் அழற்சி செல்கள் தெரிந்திருக்கும். போட்டோவில் எப்படித் தெரியும்?

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல மறைவது, மின்னல் வெட்டுவது, திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கொட்டுவது இதெல்லாம் வேறு கதை. அது விழித்திரை கிழிந்து பிரிவதாக இருக்கலாம். அதற்கு வாட்ஸ்அப் இல்லை, நாளைக்கு என்பதும் இல்லை, அன்றைக்கே போகவேண்டும்.

14ஆம் நாள் காலை எழுந்தபோது வலது கண்ணிலும் நடுவில் சாம்பல். வீட்டில் நான் மட்டும்தான். காபி போட்டேன், டம்ளருக்குள் ஊற்றியது பாதி, மேடையில் பாதி. பயம் அப்போதுதான் வந்தது. ஒரு கண் போனால் இன்னொன்று என்று அதுவரை சமாளித்துக்கொண்டிருந்தேன். ஈரோட்டிலிருந்து கோவைக்கு மறுநாள் காலை பஸ். போர்டு தெரியாமல் நான்கு பேரிடம் கேட்டு ஏறினேன். கோவையில் விழித்திரை டாக்டர் பார்த்தபோது வலது 6/24, இடது 6/60 (6/6 என்றால் முழுப் பார்வை). என் பழைய ஸ்கேனை வாங்கித் திரையில் பெரிதாக்கிவிட்டு, பேனா முனையால் ஒரு கோட்டைத் தொட்டார். ‘இது என்ன லைன்?’ என்றார். ‘ஆர்.பி.இ. மேடம்’ என்றேன். ‘ஆர்.பி.இ. அதுக்குக் கீழ இருக்கு பாருங்க. இது எலிப்சாய்டு. இது ஏன் கீழயே நின்னுடுச்சு?’ 11 வருடத்தில் ஒருநாளும் நான் என்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

அதைப் புரிந்துகொள்ள, விழித்திரையின் வெளிப்பக்கக் கோடுகளை மேலிருந்து கீழாக ஒருமுறை எண்ணிவிடுங்கள். முதலில் மெல்லிய சாம்பல் கோடு, அது ஈ.எல்.எம்., ஒளியுணர் செல்களின் உடலுக்கும் வாலுக்கும் நடுவிலான எல்லை. அடுத்து இருண்ட பட்டை, அது மையாய்டு. பிறகு பளிச்சென்று வெள்ளைக் கோடு, மைட்டோகாண்ட்ரியா அடைந்து கிடக்கும் எலிப்சாய்டு. இதைத்தான் பழைய ஆட்கள் ஐ.எஸ்.-ஓ.எஸ். என்று சொல்வோம், 2014இல் பெயர் மாற்றினார்கள். அதற்கடியில் இருண்ட பட்டை, செல்லின் வெளித்துண்டு. அப்புறம் வெளித்துண்டின் நுனியும் நிறமிப் படலமும் கோத்துக்கொள்ளும் மங்கலான கோடு. கடைசியில் தடித்த வெள்ளைக் கோடு, நிறமிப் படலம், அதாவது ஆர்.பி.இ. இதற்குக் கீழே ரத்தக்குழாய்கள் நிறைந்த படலம், கோராய்டு. இவ்வளவையும் 5 மைக்ரான் அளவு நுணுக்கத்தில் பிரித்துக் காட்டுவதற்குத்தான் அந்த மெஷின். நாமோ கறுப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம்.

சாதாரணமாக விழித்திரைக்கு அடியில் தண்ணீர் கோத்தால், பிரிவது செல்லின் நுனிக்கும் ஆர்.பி.இ.க்கும் நடுவில். ஈ.எல்.எம்., எலிப்சாய்டு இரண்டும் விழித்திரையோடு சேர்ந்து மேலே போய்விடும். தண்ணீருக்குக் கீழே ஆர்.பி.இ. மட்டும் தனியாகக் கிடக்கும். என் கண்ணில் அப்படியில்லை. செல் நடுவிலேயே, மையாய்டில் பிளந்திருந்தது. ஈ.எல்.எம். மேலே போய்க் கூரையாக நின்றது. எலிப்சாய்டும் வெளித்துண்டும் ஆர்.பி.இ.யோடு ஒட்டியபடி கீழே தரையாகக் கிடந்தன. அந்தத் தரை கொஞ்சம் தடிப்பாக, மணல் தூவினாற்போல இருந்தது. அவசரத்தில் பார்த்தால் அதையே ஆர்.பி.இ. என்று நினைப்போம், நினைத்தேன். இதைக் கண்டுபிடிக்க விரலே போதும். படத்தின் ஓரத்தில், எதுவும் தூக்காத நல்ல இடத்தில் எலிப்சாய்டு கோட்டின் மேல் விரலை வையுங்கள். அப்படியே கொப்புளத்தின் தோள் வரை நகர்த்துங்கள். அங்கே கோடு மேலே ஏறினால் வழக்கமான பிரிவு. கோடு கீழேயே தங்கி, தரையோடு தரையாகப் போனால் செல்லுக்குள்ளேயே பிளவு. இன்னொரு அடையாளம், உள்ளிருக்கும் திரவத்தின் நிறம். வழக்கமான தண்ணீர் மையிருட்டாக இருக்கும். பிளவுக்குள் இருப்பது பல சமயம் சாம்பலாக, கஞ்சித் தண்ணீர் மாதிரி, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரின் புரதம் கலந்து இருக்கும். இரண்டும் ஒரே கண்ணில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம், நடுவில் சுவர் போல ஒரு கோடு தொங்கும். என் முதல் ஸ்கேனிலேயே அந்தச் சுவர் இருந்தது. பிரிண்ட்டில் கோடு விழுந்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஏன் அங்கே பிளக்கிறது? எலிப்சாய்டிலிருந்து கீழ்ப்பகுதி ஆர்.பி.இ.யோடும் சுற்றியிருக்கும் பசைப்பொருளோடும் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேல்பகுதி ஈ.எல்.எம்.மில் கட்டப்பட்டிருக்கிறது. நடுவில் மையாய்டு மட்டும் மெலிந்த இடம். வீங்கிய கோராய்டிலிருந்து திரவம் வேகமாகத் தள்ளும்போது, ஆர்.பி.இ. இறைத்து வெளியேற்றும் வேகத்தை அது மிஞ்சிவிடுகிறது. ஒட்டிய இடம் விடாது, மெலிந்த இடம் அறுகிறது. கேட்க பயமாக இருக்கிறது, எனக்கும் இருந்தது. ஆனால் செல்லின் கருவும் புரதம் செய்யும் பகுதியும் மேல்பாதியில் பத்திரமாக இருக்கின்றன. சீக்கிரம் வற்றினால் கீழ்ப்பாதி மறுபடி வளர இடமிருக்கிறது என்று அதை வைத்துத்தான் விளக்குகிறார்கள்.

ரிப்போர்ட்டில் இதற்கு ‘பாசிலரி லேயர் டிடாச்மென்ட்’ என்று பெயர். ஓமனில் இருக்கும் அண்ணனுக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். உடனே போன். ‘ஏம்மா, பாசிலரின்னா பாக்டீரியாதானே? ஆன்டிபயாட்டிக் போட்டா போயிடாதா?’ சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. பாசிலஸ் என்றால் லத்தீனில் சிறு குச்சி. குச்சி வடிவத்தில் இருப்பதால் கிருமிக்கும் அந்தப் பெயர், குச்சி குச்சியாக நிற்பதால் ஒளியுணர் செல் அடுக்குக்கும் பழங்காலத்தில் அதே பெயர். அந்தப் பழைய பெயரை 2018 வாக்கில் ஓ.சி.டி.க்கு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். பெயரில் கிருமி இல்லை. ஆனால் அண்ணன் கேட்டது முழுக்க அசட்டுக் கேள்வியும் இல்லை. இந்தப் பிளவு ஒரு நோயின் பெயரல்ல, படத்தில் தெரியும் ஓர் அடையாளம் மட்டுமே. வி.கே.எச்.சில் வரும், டாக்ஸோபிளாஸ்மா கிருமியில் வரும், வயதானவர்களின் மேக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) நோயில் ரத்தக்குழாய் கசிந்தால் வரும், அடிபட்டால் வரும், கோராய்டுக்குப் பரவிய புற்றுநோயில் வரும், கடுமையான சி.எஸ்.ஆர்.இல்கூட எப்போதாவது வரும். பிளவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை, கோராய்டில் என்னவோ வேகமாக நடக்கிறது, உடனே தேடு என்று அர்த்தம்.

அன்று என் கண்ணில் தேடிய விதத்தைச் சொல்கிறேன். இரண்டு கண்ணிலும் அகலமான ஸ்கேன். கொப்புளங்கள் ஒன்றல்ல, பல அறைகளாக. ஆர்.பி.இ. கோடு நேராக இல்லாமல் அலை அலையாக. கண்நரம்புத் தட்டு லேசாக வீங்கியிருந்தது. கோராய்டைப் பார்க்க ஆழத்தைக் கூட்டும் ஈ.டி.ஐ. முறையில் எடுத்தார்கள். சாதாரணமாக ஃபோவியாவுக்கு அடியில் 250, 300 மைக்ரான் இருக்கவேண்டியது, பின் எல்லையே தெரியாத அளவுக்குத் தடித்திருந்தது. கோராய்டு தடிப்பு மட்டும் போதாது, சி.எஸ்.ஆர்.இலும் தடிக்கும், என்னைப் போன்றவர்கள் விழும் பள்ளம் அது. அலையலையான ஆர்.பி.இ., சுவர்கள், நரம்பு வீக்கம், இரண்டு கண், காதிரைச்சல் எல்லாம் சேர்ந்துதான் வழக்கைத் திருப்பின. பிறகு கையில் ஃபுளோரசீன் மருந்து ஏற்றி ஆஞ்சியோகிராம். சி.எஸ்.ஆர்.இல் ஒன்றிரண்டு இடத்தில் கசியும். எனக்கு ஊசி குத்தினாற்போல எக்கச்சக்கப் புள்ளிகள் ஒளிர்ந்து, கடைசியில் அந்தந்தக் கொப்புளம் விளக்குப் போட்ட மாதிரி நிரம்பியது. நரம்புத் தட்டும் கசிந்தது. மருந்து ஏறியதும் ஒரு நிமிடம் குமட்டும். தோல் சில மணிநேரம் மஞ்சளாகும், சிறுநீர் ஒரு நாளுக்கு மேல் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதீர்கள். அலர்ஜி, ஆஸ்துமா, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை இருந்தால் அந்த மருந்து ஏற்றுவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள், பிறகு கொடுத்தால் சில சோதனைகளின் முடிவு தப்பாக வரலாம்.

அதைவிட முக்கியம், ஸ்டீராய்டுக்கு முன்னால் செய்யவேண்டியவை. காசநோயும் சிபிலிஸும் கண்ணில் எந்த வேஷமும் போடும், நம் ஊரில் காசநோய் குறைவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை, சிபிலிஸ் பரிசோதனை, மஞ்சள்காமாலைக் கிருமிகள், சர்க்கரை, ரத்த அழுத்தம். ஸ்டீராய்டு ஏறிய பிறகு காசநோய்ச் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். அதனால் அன்று மதியமே ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் முடித்து, சாயங்காலம் முதல் பாட்டில் ஏற்றினார்கள். மெத்தில்பிரெட்னிசலோன் தினம் 1 கிராம், சலைனில் கலந்து ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல், மூன்று நாள். ஏறும்போது வாயில் இரும்பு ருசி. அதற்கு ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார் நர்ஸ் அக்கா. மூன்று ராத்திரியும் தூக்கமே இல்லை, முகம் ஜிவுஜிவு என்றிருந்தது. நான்காம் நாளிலிருந்து மாத்திரை, கிலோவுக்கு 1 மி.கி. கணக்கில் எனக்கு 60 மி.கி., காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. கூடவே வயிற்றுக்கும் எலும்புக்கும் மாத்திரை. சில வாரத்தில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசத்தியோப்ரின் மாத்திரை சேர்த்தார்கள், ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டுமே. அதற்கு ரத்த அணுக்களும் கல்லீரலும் முதலில் அடிக்கடி பார்க்கவேண்டும்.

இனி ஸ்கேன் வரிசை. சிகிச்சை தொடங்கிய மூன்றாம் நாளே பிளவுகள் சுருங்கத் தொடங்கி, ஒரு வாரத்தில் காணாமல் போயின. சாதாரணத் தண்ணீர் அதைவிட மெதுவாக, மூன்றாம் வாரம் வரை இழுத்தது. தண்ணீர் போன நாளில் பார்வை திரும்பும் என்று நம்பியிருந்தேன். ஸ்கேன் சப்பையாக, அழகாக இருந்தது, பார்வை 6/18. அன்று ஸ்கேன் அறை நாற்காலியிலேயே அழுதேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எலிப்சாய்டு கோடு பொட்டுப் பொட்டாக விட்டுப்போயிருந்தது. அது தொடர்ந்து ஒரே கோடாக ஆவதைப் பொறுத்துத்தான் பார்வை வரும். முதலில் ஈ.எல்.எம். சேரும், பிறகு எலிப்சாய்டு, நுனி கோத்துக்கொள்ளும் கோடு எல்லாவற்றுக்கும் கடைசி. ஆறாம் வாரம் இரண்டு கண்ணும் 6/9. மூன்றாம் மாதம் வலது 6/6, இடது 6/6 என்றாலும் ஒன்றிரண்டு எழுத்து தடுமாறும், சிவப்பு கொஞ்சம் வெளிறித் தெரியும். இடது கண்ணில்தான் தண்ணீர் அதிக நாள் நின்றது.

எண்களை நம்பி ஏமாறாதீர்கள். ஏழாம் நாள் ஸ்கேனில் மைய விழித்திரைத் தடிமன் 341 மைக்ரான் என்று அச்சாகியிருந்தது. கோவையில் அதே படத்தில் கோட்டைத் திருத்திப் போட்டதும் 600க்கு மேல் போனது. மெஷின் மேல்கோடு, கீழ்கோடு என்று தானே வரைந்து நடுவில் அளக்கிறது. எங்கள் மெஷின் பிளவின் நடுச் சுவரைக் கீழ்கோடு என்று எடுத்துக்கொண்டிருந்தது. எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்த இரண்டு கோடும் சரியான இடத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். மெஷினுக்கு மெஷின் கீழ்கோடே வேறு. பழைய ஸ்ட்ராட்டஸ் எலிப்சாய்டு வரை அளக்கும், சிரஸ் ஆர்.பி.இ. வரை, ஸ்பெக்ட்ராலிஸ் அதற்கும் அடியில் புரூக் படலம் வரை. ஒரே கண்ணைப் பழையதில் அளந்துவிட்டுப் புதியதில் அளந்தால் 60, 70 மைக்ரான் கூடிக் காட்டும், நோய் கூடியதாக அர்த்தமில்லை. ஆகவே முடிந்தவரை ஒரே மெஷின், பழைய இடத்தையே தேடிப்பிடிக்கும் ஃபாலோ-அப் முறை. திரையில் படம் உயரவாக்கில் இழுக்கப்பட்டுத் தெரியும், மடு மலையாகிவிடும். படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஒளி பாப்பாவின் ஓரத்தால் நுழைந்திருக்கிறது, அப்போது எலிப்சாய்டு கோடு மங்கி, அழிந்துவிட்டது போலத் தெரியும். ஒரு நோயாளி இதனால் ஒரு மாதம் கலங்கியதை நானே பார்த்திருக்கிறேன். நேராக வைத்து, ஒரு சொட்டு செயற்கைக் கண்ணீர் விட்டு, இரண்டு முறை கண் சிமிட்டச் சொல்லித் திரும்ப எடுத்தால் கோடு வந்துவிடும்.

பின்னாட்களில் எனக்கு உதவியது விழித்திரை அளவல்ல, கோராய்டு அளவு. ஆறாம் வாரம் 420 மைக்ரான், மூன்றாம் மாதம் 310. மாத்திரை 15 மி.கி.க்கு இறங்கியபோது எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, பார்வையும் நன்றாக இருந்தது, தண்ணீரும் இல்லை. கோராய்டு மட்டும் 395. டாக்டர் அளவை மறுபடி ஏற்றினார், இரண்டு வாரத்தில் இறங்கியது. இதைக் காலை, மாலை என்று மாற்றி மாற்றி எடுக்கக்கூடாது. காலையில் கோராய்டு தடிப்பாக, மாலையில் மெலிந்து இருக்கும், அந்த வித்தியாசமே 20, 30 மைக்ரான் வரும். நல்லாயிடுச்சே என்று மாத்திரையைத் தானே நிறுத்துபவர்களுக்கு இரண்டு ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு தூங்கிக்கிடக்கும், திடீரென்று நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு. அதோடு ஆறு மாதத்துக்குள் முடித்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். திரும்பி வருவது பெரும்பாலும் முன்கண் அழற்சியாக வந்து, கண்புரை, கண் அழுத்தம் என்று இழுத்துக்கொண்டு போகும்.

செலவு கணக்கு எழுதிவைத்திருக்கிறேன். திசை தெரியாமல் அலைந்த இரண்டு வாரத்துக்கு 8,690 ரூபாய். சரியான இடத்துக்குப் போன பிறகு முதல் வாரத்துக்கு ஸ்கேன், ஆஞ்சியோகிராம், ரத்தம், ஊசி எல்லாம் சேர்த்து 20,400. விடுப்பு 38 நாள், அதில் 19 நாள் சம்பளமில்லை. முகம் உப்பி, பழைய ரவிக்கை ஒன்றும் ஏறவில்லை. ஐந்தாம் மாதம் இடது இமையில் நான்கு முடி வெளுத்தது. அதுவும் இந்த நோயின் கையெழுத்துதான், வெள்ளைத் திட்டு சிலருக்குத் தோலிலும் வரும். மை போட்டு மறைப்பதை விட்டுவிட்டேன்.

வேலைக்குத் திரும்பிய பிறகு எங்கள் அறையில் ஒன்றை மாற்றினோம். ஒரு கண் என்று எழுதி வந்தாலும் இரண்டு கண், ஐந்து கோட்டுக்கு முன்னால் முழுச் சதுரம். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் கூடுகிறது, வெளியே பெஞ்சில் முணுமுணுப்பும் கேட்கிறது. எனக்கு இப்போது 7.5 மி.கி. நடக்கிறது. அடுத்த கோராய்டு ஸ்கேன் வரும் வியாழன் காலை 9 மணிக்கு, போன முறை எடுத்த அதே நேரம். அதற்கு ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். போர்டு இப்போது தூரத்திலேயே தெரிகிறது.